முதலில் மாத்திரை, பிறகு கை: ரெய்கி கொடுக்கத் தொடங்குபவருக்கு

“சிஸ்டர், ரெய்கி பண்ணினா சுகர் இறங்குமா?”

இறங்காது. இதைச் சொன்னதும் பாதிப் பேர் “சரிங்க சிஸ்டர்” என்று போனை வைத்துவிடுவார்கள். வைக்காத மீதிப் பேருக்காகத்தான் இதை எழுதுகிறேன். உடம்பின் மேல் கையை வைத்து ஆற்றல் கொடுப்பதாகச் சொல்லும் ஜப்பானிய முறைதான் ரெய்கி.

முப்பத்தொரு வருஷம் ஸ்டாஃப் நர்ஸாக இருந்து ரிட்டயர் ஆனவள் நான். இப்போது திருச்சி உறையூரில் இருக்கிறேன். 2009-ல் ரெய்கி முதல் நிலை கற்றுக்கொண்டேன், அடுத்த வருஷம் இரண்டாம் நிலை. மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுக்கிற மாஸ்டர் நிலைக்குப் போகவில்லை. அதற்குக் கேட்ட பணத்தில் வீட்டு மாடிக்கு ஷீட் போட்டுவிட்டோம். அக்கம்பக்கத்தில் கேட்பவர்களுக்குக் காசு வாங்காமல் கொடுக்கிறேன். அதிகம் வருவது கீமோ எடுப்பவர்கள், ஆபரேஷனுக்குத் தேதி குறித்துவிட்டுத் தூக்கம் வராமல் புரளுகிறவர்கள், மூட்டு வலிக்காரப் பெரியவர்கள்.

ஆற்றல் சிகிச்சை, எனர்ஜி ஹீலிங் என்ற பெயரில் பல இருக்கின்றன. பிலிப்பைன்ஸில் சோவா கோக் சூயி தொடங்கிய பிராணிக் ஹீலிங்கில் உடம்பைத் தொடவே மாட்டார்கள். அமெரிக்காவில் நர்ஸுகளிடையே பரவிய தெரபியூட்டிக் டச்சிலும், பெயரில்தான் டச், கை சில அங்குலம் மேலேயே நிற்கும். எனக்குத் தெரிந்தது ரெய்கி. அதை வைத்தே சொல்கிறேன்.

ஜப்பானில் மிகாவோ உசுயி என்பவர் 1922-ல் கியோட்டோ பக்கத்தில் உள்ள குராமா மலையில் 21 நாள் விரதம் இருந்து இதைப் பெற்றதாகச் சொல்வார்கள். மறு வருஷம் டோக்கியோவைப் பெரிய பூகம்பம் உலுக்கியபோது அடிபட்டவர்களுக்குக் கை வைத்திருக்கிறார். அவரிடம் கற்றவர் கடற்படையிலிருந்து ஓய்வு பெற்ற சுஜிரோ ஹயாஷி. ஹயாஷியிடம் சிகிச்சைக்குப் போய், பிறகு கற்றுக்கொண்டு, 1937-ல் ஹவாய்க்குத் திரும்பியவர் ஹவாயோ தகாதா என்ற அம்மாள். உலகம் முழுக்கப் போனது அவர் கை வழியாகத்தான். மாஸ்டர் ஆக்குவதற்கு 10,000 டாலர் வாங்கினவரும் அவரே. உசுயி ஒரு கிறிஸ்தவப் போதகர் என்று அவர் சொன்ன கதை இன்னும் நம் ஊர் வகுப்புகளில் ஓடுகிறது. அதற்கு ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை. மேல்நாட்டவர் முகம் சுளிக்கக்கூடாதென்று சேர்த்திருப்பார் என்பது என் எண்ணம்.

இந்தக் கதைகளைவிட எனக்குப் பிடித்தது ஒரு ஜப்பானியச் சொல். வைத்தியத்துக்கு அங்கே ‘தேஅதே’ என்பார்கள். ‘தே’ என்றால் கை. கையை வைப்பது என்று அர்த்தம். கைராசி டாக்டர் என்று நாம் சொல்வதில்லையா, அதற்குப் பக்கத்து வீட்டுச் சொல் மாதிரி இருக்கிறது.

முதலில் ஒரு சோதனை

கையிலிருந்து ஆற்றல் பாய்கிறது என்று எங்கள் வகுப்பில் சொன்னார்கள். இதுவரை எந்தக் கருவியும் அதை அளந்து காட்டியதில்லை. கற்றுக்கொள்வதற்கு முன்னால் வீட்டிலேயே இதைச் செய்து பாருங்கள். ஒரு அட்டைப்பெட்டியை நிமிர்த்தி வைத்து, அடியில் இரண்டு ஓட்டை போட்டு, இரண்டு கையையும் உள்ளங்கை மேலே தெரிகிற மாதிரி அந்தப் பக்கம் நீட்டுங்கள். ஓட்டை வழியே பார்க்க முடியாதபடி மேலே ஒரு துண்டைப் போடுங்கள். அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர் காசைச் சுண்டிப் போட்டு, பூ விழுந்தால் வலது, தலை விழுந்தால் இடது என்று உங்கள் ஒரு கைக்கு மேல் நாலு விரல்கடை உயரத்தில் தன் கையைப் பிடிக்க வேண்டும். எந்தக் கைக்கு மேல் என்று நீங்கள் சொல்ல வேண்டும்.

அமெரிக்காவில் எமிலி ரோசா என்ற ஒன்பது வயதுச் சிறுமி பள்ளி அறிவியல் கண்காட்சிக்காகச் செய்த சோதனை இது. தெரபியூட்டிக் டச் கொடுப்பவர்கள் 21 பேர், மொத்தம் 280 முறை. சரியாகச் சொன்னது 123. நூற்றுக்கு 44. கண்ணை மூடிக்கொண்டு குத்துமதிப்பாகச் சொன்னாலே ஐம்பது வர வேண்டும். 1998-ல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் அது வெளிவந்தது.

என் பேத்தியை உட்கார வைத்து நானும் செய்தேன். இருபதில் ஒன்பது. “பாட்டி ஃபெயில்” என்று வீடெல்லாம் சொல்லிக்கொண்டு ஓடினாள். கை வைத்தால் எனக்கு உள்ளங்கை இன்றைக்கும் குறுகுறுக்கத்தான் செய்கிறது. அது என் கையில் நடப்பது, எதிராளி உடம்பைப் பற்றி அது எனக்கு எதையும் சொல்வதில்லை என்பது அன்றைக்குப் புரிந்தது. அதிலிருந்து “உங்க ஈரல்ல அடைப்பு தெரியுது” மாதிரி வாக்கியங்களை நான் வாயில் எடுப்பதில்லை. யாராவது உங்களிடம் அப்படிச் சொன்னால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

பிறகு எதற்கு இதைச் செய்கிறாய் என்று கேட்பீர்கள். வார்டில் முப்பத்தொரு வருஷம் நான் நோயாளிகளைத் தொட்டதெல்லாம் ஊசி போட, பி.பி. பார்க்க, டியூப் மாற்ற, புரட்டிப் படுக்க வைக்க. என் கை கிட்டே வந்தாலே சிலருக்குத் தோள் விறைத்துக்கொள்ளும். எதையும் குத்தாத, எதையும் அளக்காத ஒரு கை முக்கால் மணி நேரம் மேலே இருந்தால் மூச்சு இறங்குகிறது, தாடை தளர்கிறது, பலர் குறட்டையே விடுகிறார்கள். இதை நான் நூறு முறைக்கு மேல் பார்த்திருக்கிறேன். அமைதியாகப் படுத்ததால் வந்ததா, தொட்டதால் வந்ததா, நம்பிக்கையால் வந்ததா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. ரெய்கியால் பதற்றமும் மனச்சோர்வும் குறைகிறதா என்று 2015-ல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் ஆய்வாளர்கள் கிடைத்த சோதனைகளை எல்லாம் சேர்த்துப் பார்த்தபோது, இரண்டில் எதற்குமே சொல்லிக்கொள்ளப் போதுமான ஆதாரம் இல்லை என்றுதான் முடித்தார்கள்.

துணை என்றால் துணை

எங்கள் வகுப்பில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்த அம்மா இன்சுலின் போடுகிறவர். “ஆற்றல் ஏற ஏற இன்சுலின் தேவை தானாக் குறையும், பாதியாக்கிப் பாருங்கம்மா” என்றார் சொல்லிக்கொடுத்தவர். எல்லாரும் தலையாட்டினோம். நர்ஸ் வேலை பார்க்கிற நானும் வாயைத் திறக்கவில்லை. குரு பேசும்போது குறுக்கே பேசக்கூடாது என்கிற பழக்கம். பதினோராம் நாள் என் டூட்டியிலேயே அந்த அம்மாவைக் காஷுவாலிட்டிக்குத் தூக்கி வந்தார்கள். புஸ் புஸ்ஸென்று ஆழமான மூச்சு, வாயில் அழுகின பழ வாசனை. சுகர் 512. பிழைத்துக்கொண்டார். ஐ.சி.யூ.வை விட்டு வெளியே வந்தபோது என்னைப் பார்த்து, “நீயும் அங்கதானம்மா இருந்த” என்றார்.

அதனால் இந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் பிடிவாதம் அதிகம்.

துணைச் சிகிச்சை என்பது டாக்டர் சொன்ன அத்தனையும் நடந்துகொண்டிருக்கும்போது கூட வருவது. அதில் ஒன்றைக் கழித்துவிட்டால் பெயர் மாறிவிடுகிறது. 2018-ல் அமெரிக்காவில் வந்த இரண்டு ஆய்வுகள் இதைத் தெளிவாகக் காட்டின. பரவாத நிலையில் இருந்த புற்றுநோய்க்கு வழக்கமான சிகிச்சையே வேண்டாம் என்று மாற்று வைத்தியம் மட்டும் எடுத்தவர்களை முதல் ஆய்வு பார்த்தது. மற்றவர்களோடு ஒப்பிட்டால் அவர்களுக்குச் சாவு அபாயம் இரண்டரை மடங்கு. மார்பகப் புற்றுநோய் என்றால் ஐந்து மடங்குக்கும் மேல். இரண்டாவது ஆய்வு ‘ரெண்டையும் சேர்த்து எடுக்கிறோம்’ என்றவர்களைப் பற்றியது. அவர்களுக்கும் அபாயம் சுமார் இரண்டு மடங்கு இருந்தது. காரணத்தைத் தோண்டிப் பார்த்தால், அவர்களில் மூன்றில் ஒருவர் கீமோவை மறுத்திருந்தார், பாதிப் பேர் ரேடியேஷனை மறுத்திருந்தார்கள். சேர்த்துக்கொண்ட பொருள் அவர்களைக் கொல்லவில்லை. விட்டுவிட்ட பொருள்தான் அபாயத்தைக் கூட்டியது.

நெஞ்சு வலி, திடீரென்று ஒரு பக்கம் கை கால் விழுவது, வாய் கோணுவது, விடாத காய்ச்சல், புதிதாகத் தட்டுப்படும் கட்டி, காரணம் தெரியாத ரத்தப்போக்கு, செத்துப்போகலாம் என்கிற பேச்சு: இதில் எதற்கும் கையை வைத்துக்கொண்டு உட்காரக்கூடாது. 108-ஐக் கூப்பிட வேண்டியதற்குக் கூப்பிடுங்கள், மற்றதற்கு அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். சர்க்கரை, புற்றுநோய், வலிப்பு, பக்கவாதம் இதையெல்லாம் மந்திரத்தாலோ தாயத்தாலோ குணப்படுத்துவேன் என்று விளம்பரம் செய்வது 1954-ம் வருஷச் சட்டப்படி நம் நாட்டில் குற்றம். போஸ்டர் ஒட்டுகிறவர்களுக்கு அது தெரிந்த மாதிரி இல்லை.

கட்டில் பக்கத்தில்

நான் முதன்முதலில் முழுசாகக் கொடுத்தது அம்மாவுக்கு. 2011-ல் இடது மார்பில் ஆபரேஷன் முடிந்து ஆறு கீமோ எழுதியிருந்தார்கள். இரண்டாவது கீமோ முடிந்த ராத்திரி, வீட்டில் அவரைக் கட்டிலில் படுக்க வைத்து, வகுப்பில் சொன்ன மாதிரியே இரண்டு உள்ளங்கையையும் கண்ணுக்கு மேல் வைத்தேன். பத்து எண்ணுவதற்குள் கையைத் தட்டிவிட்டார்.

“ரசம் வச்சியாடி? கையெல்லாம் பெருங்காயம். குமட்டுது.”

கீமோ எடுப்பவர்களுக்கு வாசனை எதிரி. அன்றிலிருந்து என் முதல் விதி கை கழுவுவது: வாசனை இல்லாத சோப்பில், நகத்துக்கு அடியிலும் சேர்த்து, இருபது விநாடி. கீமோக்காரர்களுக்கு எதிர்ப்புச் சக்தி குறைந்திருக்கும் என்பதால் இது வாசனைக்காக மட்டுமில்லை. உங்களுக்குச் சளி, இருமல் இருந்தால் அன்றைக்குப் போகவே வேண்டாம். கண்ணாடி வளையலைக் கழற்றி வையுங்கள். காதோரம் கிணுகிணு என்றால் தூங்கப்போனவர் விழித்துக்கொள்வார். ஊதுபத்தி, தலையில் மல்லிகை, சென்ட் எதுவும் வேண்டாம்.

ஆடையைத் தளர்த்தினால் போதும், எதையும் கழற்றத் தேவையே இல்லை. கதவு சாத்தத் தேவையில்லை. பெண்ணுக்கு ஆண் கொடுப்பதாக இருந்தால் வீட்டு ஆள் ஒருவர் அறையிலேயே இருக்கட்டும். எங்கெங்கே கை வைக்கப்போகிறீர்கள் என்று முன்கூட்டியே சொல்லி, “வேண்டாத இடம் இருந்தா சொல்லுங்க” என்று கேளுங்கள். சிலர் வாயால் சொல்ல மாட்டார்கள், உடம்பு லேசாக விலகும். அதுவும் பதில்தான்.

கட்டில் உயரம் முக்கியம். தாழ்வான கட்டிலில் குனிந்தே முக்கால் மணி நேரம் நின்றால் மறுநாள் உங்களுக்கு யாராவது ரெய்கி கொடுக்க வேண்டிவரும். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தலைமாட்டில் போட்டு உட்கார்ந்துகொள்ளுங்கள். பாயில் படுப்பவர் என்றால் நீங்களும் சம்மணம் போட்டு உட்காருங்கள். சுகர் மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் வெறும் வயிற்றில் படுக்க வேண்டாம். வயிறு முட்டச் சாப்பிட்டும் வேண்டாம்.

தகாதா அம்மாள் சொல்லிக்கொடுத்த பன்னிரண்டு இடங்கள்தான் பெரும்பாலும் புழக்கத்தில் இருக்கின்றன. நான் எல்லாவற்றையும் செய்வதில்லை. கண்ணிலிருந்து தொடங்குவேன்: மெல்லிய பருத்தித் துணியைப் போட்டு, அதன்மேல் இரண்டு உள்ளங்கை. கட்டைவிரல் மூக்கின் இரு பக்கமும் வரட்டும், மூக்கை அடைக்கக்கூடாது. கையின் பாரம் கண்ணில் இறங்கக்கூடாது. மணிக்கட்டைத் தலையணையில் ஊன்றிக்கொண்டால் அது சரியாக வரும். கண்புரை ஆபரேஷன் புதிதாக ஆனவர் என்றால் இந்த இடத்தையே விட்டுவிடுங்கள். அடுத்தது இரண்டு நெற்றிப்பொட்டும் காதும் சேர்த்து. பிறகு தலையின் பின்பக்கம். ஒரு கையால் தலையை மெதுவாக ஒரு பக்கம் உருட்டி, மற்ற கையை அடியில் நுழைத்து, திரும்ப உருட்டி இரண்டாவது கையையும் நுழைக்க வேண்டும். தேங்காயை ஏந்துகிற மாதிரி இரண்டு கையும் சேர்ந்து ஏந்தி நிற்கும். கழுத்து எலும்புத் தேய்மானம் இருப்பவருக்கு இதைச் செய்யாதீர்கள். மற்றவர்களுக்கு என் அனுபவத்தில் இதுதான் நல்ல இடம். தலையின் முழுக் கனமும் சட்டென்று உங்கள் கையில் இறங்கும் ஒரு கணம் வரும். அதுவரை அவர் தன் தலையைத் தானே தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார் என்பது அவருக்கே அப்போதுதான் தெரியும். அந்தக் கணத்துக்குப் பிறகு அவசரப்பட்டுக் கையை எடுக்காதீர்கள்.

தொண்டையைத் தொடவே வேண்டாம், பலருக்கு அது நெரிக்கிற மாதிரி. காறையெலும்புக்குக் கீழே, மேல் வயிறு, தொப்புள் பக்கம் என்று இறங்குங்கள். பெண்களுக்கு மார்பிலும் யாருக்குமே அடிவயிற்றுக்குக் கீழும் கை படக்கூடாது. குப்புறப் படுக்க முடிந்தவர்களுக்குத் தோள்பட்டை, நடு முதுகு, இடுப்பு. முடியாதவர்களைப் புரட்ட வேண்டாம். கை சும்மா இருக்க வேண்டும்: அமுக்குவது, பிசைவது, தேய்ப்பது கிடையாது. ஒரு வெற்றிலை விழுந்து கிடக்கிற அளவுக்குப் பாரம்.

எவ்வளவு நேரம்? ஓரிடத்துக்கு மூன்றிலிருந்து ஐந்து நிமிஷம். போனில் அலாரம் வைக்காதீர்கள். நான் அவருடைய மூச்சை எண்ணுவேன், அறுபது ஆனதும் அடுத்த இடம். தொடக்கத்தில் நிமிஷத்துக்கு இருபது ஓடுகிறவருக்குப் போகப்போகப் பதினாலு, பதிமூன்று என்று இறங்கும். எண்ணிக்கொண்டிருப்பதால் உங்கள் மனமும் கேஸ் சிலிண்டர் பக்கம் போகாது.

கை படவே கூடாத இடங்களை நர்ஸாகச் சொல்கிறேன், இதை வகுப்பில் எனக்கு யாரும் சொல்லவில்லை. தையல் போட்ட இடம், தீக்காயம், ரேடியேஷன் பட்டுக் கன்றிய தோல், கீமோ மருந்து ஏற்றத் தோலுக்கடியில் வைத்திருக்கும் போர்ட், ட்ரிப் ஏறும் கை. ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாக வலித்தால் ரத்தக்கட்டி இருக்கலாம்; கை வைக்காமல் ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். அக்குள் நெறிக்கட்டி எடுத்தவர்களுக்கு அந்தப் பக்கக் கையை அழுத்தக்கூடாது. அம்மாவின் இடது கையைத் தலையணைமேல் சாய்த்து வைத்துவிட்டு அந்தப் பக்கமே நான் போகவில்லை.

கடைசியில் பாதம். இரண்டு உள்ளங்காலையும் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்காருவேன். பெரியவர்கள் சும்மா இருப்பார்கள். என்னைவிடச் சின்னவர்கள்தான் “ஐயோ சிஸ்டர், நீங்க போய் என் காலை...” என்று இழுத்துக்கொள்வார்கள். அவர்களுக்குப் போர்வைமேல் பிடித்தால் சம்மதம்.

முடிந்ததும் உடனே எழுப்பாதீர்கள். பி.பி. மாத்திரை எடுப்பவர் விருட்டென்று எழுந்தால் தலை சுற்றி விழுவார். ஒருக்களித்துப் படுத்து, உட்கார்ந்து, காலைத் தொங்கப்போட்டு, ஒரு தம்ளர் வெந்நீர் குடித்து, பிறகு நிற்கட்டும். சிலர் அழுவார்கள். ‘கெட்ட சக்தி வெளியேறுது’ என்றெல்லாம் விளக்கம் கொடுக்காமல் துண்டை நீட்டுங்கள், போதும். ஆஸ்பத்திரியில் என்றால் டூட்டி சிஸ்டரிடம் கேட்டுவிட்டு, உட்கார்ந்த நிலையில் தோளிலும் தலையிலும் கால் மணி நேரம் மட்டும். ரத்தம் ஏறும்போது வேண்டாம்.

கற்றுக்கொள்ளப் போகிறவர்

முதல் நிலை வகுப்பு ஒரு நாளிலோ இரண்டு நாளிலோ முடிந்துவிடும். கல், பிரமிடு, செம்புத் தகடு எதுவும் வாங்க வேண்டாம். போட்டோ அனுப்புங்க, இங்கிருந்தே ரெய்கி அனுப்புறேன் என்று கூகுள் பே நம்பர் கொடுப்பவரிடம் போகாதீர்கள். யாரிடம் போனாலும் முதல் கேள்வியாக, “என் மாத்திரையை என்ன பண்ணட்டும்?” என்று கேளுங்கள். “அது உங்க டாக்டர் விஷயம்” என்று பட்டென்று பதில் வந்தால் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகலாம். உசுயி தினமும் சொல்லச் சொன்ன ஐந்து வரிகளை மட்டும் மறக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்: இன்று மட்டும் கோபப்படாதே, கவலைப்படாதே, நன்றியோடு இரு, வேலையைக் கருத்தாகச் செய், மனிதர்களிடம் அன்பாக இரு. இதில் எனக்கு முதல் வரியே இன்னும் கைகூடவில்லை.

ஒரு நாற்பது பக்க நோட்டு போடுங்கள். தேதி, கொடுப்பதற்கு முன் வலி பத்துக்கு எத்தனை, பின் எத்தனை, அன்று ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்கினார். மூன்று வாரம் எழுதியும் எதுவும் மாறவில்லை என்றால் அவருக்கு இது ஒத்துவரவில்லை, நிறுத்திவிடலாம். வலி ஏறிக்கொண்டே போனால் நோட்டை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள்.

அம்மாவின் நோட்டில் தேதிக்கு அடுத்து ஒரு கட்டம் போட்டிருந்தேன்: மாத்திரை. அதில் டிக் விழாமல் கட்டில் பக்கம் உட்காருவதில்லை என்று வைத்திருந்தேன். நாலாவது கீமோவுக்கெல்லாம் அவருக்கே பழகிவிட்டது. ராத்திரி எட்டரைக்கு உள்ளிருந்து குரல் வரும்: “போட்டுட்டேன்டி, அட்டையை வேணா எண்ணிப் பாத்துக்க. கையைக் கழுவிட்டு வா.”